லேபிள் வாட்டும் மீட்டர் வாட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கிறதே, இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் போய்விடுமா?" என்பதுதான் அது. போகாது. அந்த 450 என்பது, தேவைப்பட்டால் அதிகபட்சம் இவ்வளவு கொடுக்க முடியும் என்று எஸ்எம்பிஎஸ் தயாரித்தவர் சொல்லும் அளவு. உங்கள் கம்ப்யூட்டர் அதில் எவ்வளவு எடுத்துக் கொள்கிறது என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. கடிதம் டைப் செய்யும்போது ஒரு சாதாரண டெஸ்க்டாப், மானிட்டர் நீங்கலாக, ஐம்பது அறுபது வாட்டோடு நின்றுவிடும். கேம் விளையாடினால் ஏறும். (விலை மலிவான சில எஸ்எம்பிஎஸ்களில் அந்த 450 கூட முழுதாகக் கிடைக்காது என்பது தனிக் கதை.)

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே அளந்து பார்க்கலாம். வீட்டு எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக் கொண்டிருக்கும். அதன் அருகே 3200 அல்லது 1600 என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு யூனிட் செலவாவதற்குள் அத்தனை முறை மின்னும் என்று அதற்குப் பொருள். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் 32 முறை மின்னினால் நூறில் ஒரு பங்கு யூனிட். ஒரு மணி நேரத்துக்கு அதைப்போல ஆறு மடங்கு, அதாவது 60 வாட். காசு செலவில்லாத பரிசோதனை இது.

வீட்டில் இந்த வித்தியாசம் ஒரு சந்தேகத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் இமெயில், எடுக்கும் ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் சர்வர் அறைகளில், எத்தனை மெஷின் வைக்கலாம், எத்தனை இடம் காலியாகக் கிடக்க வேண்டும், எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த வித்தியாசம்தான். பெரும்பாலான இடங்களில் லேபிளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. அளந்த கணக்கு எங்கோ ஒரு மூலையில் இருந்தும், அது புரோகிராம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்பது அதைவிடப் பெரிய தவறு.

ப்ளேடு சர்வர் என்றால் என்ன?

இதைப் புரிந்து கொள்ள ப்ளேடு சர்வரை எடுத்துக் கொள்வது வசதி. ஏனென்றால் அங்கே மின்சாரம் பங்கு போடப்படுவது கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. சாதாரண சர்வர் என்பது தனிக் குடித்தனம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பவர் சப்ளை, சொந்தமாக ஃபேன்கள். ப்ளேடு சர்வர் கூட்டுக் குடும்பம். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் தட்டையான பல சர்வர்களைப் புத்தகங்களை அலமாரியில் செருகுவது போலச் செருகுகிறார்கள். பெட்டிக்கு சேஸிஸ் என்று பெயர். பவர் சப்ளையும் ஃபேன்களும் சேஸிஸில் இருக்கும். எல்லா ப்ளேடுகளுக்கும் அவை பொது.

2001-ல் அமெரிக்காவின் ஆர்எல்எக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் இந்த வகை சர்வரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஐபிஎம் நிறுவனம் பதினான்கு ப்ளேடுகள் கொள்ளும் ப்ளேடுசென்டரை வெளியிட்டது. 2006-ல் ஹெச்பியின் சி7000 வந்தது. சுமார் பதினேழரை அங்குல உயரம். அதற்குள் 16 ப்ளேடுகள், 6 பவர் சப்ளைகள், 10 ஃபேன்கள். உலகம் முழுவதும் டேட்டா சென்டர்களில் பரவலாகப் பயன்பட்ட மாடல் என்பதால் இதையே உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

கூட்டுக் குடும்பத்தில் அரிசி அளந்து போடுகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா? சி7000-ல் அந்தப் பொறுப்பு ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு. ஒரு ப்ளேடைச் செருகியதும் அது உடனே ஓடத் தொடங்கிவிடாது. ப்ளேடுக்குள் ஐலோ என்ற நிர்வாகச் சிப் முதலில் விழிக்கும். என்னிடம் இன்ன பிராசசர், இவ்வளவு மெமரி இருக்கிறது, எனக்கு இத்தனை வாட் வேண்டும் என்று அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேட்கும். கையிருப்பில் இருந்தால் அனுமதி கிடைக்கும், ப்ளேடு ஆன் ஆகும். இல்லாவிட்டால் ஆன் ஆகாது. எவ்வளவு முறை ஸ்விட்சை அழுத்தினாலும் ஆகாது.

கையிருப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒரு பவர் சப்ளை 2,400 வாட் என்றால் ஆறுக்கும் சேர்த்து 14,400 வாட். ஆனால் அத்தனையையும் ப்ளேடுகளுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒன்று பழுதானால் தாங்க வேண்டும் என்று ஒன்றை ஒதுக்கி வைத்தால் மிச்சம் 12,000. டேட்டா சென்டர்களில் மூன்றை ஒரு மின் இணைப்பிலும் மூன்றை இன்னொரு இணைப்பிலும் மாட்டுவது வழக்கம். ஒரு இணைப்பு முழுதாகப் போனாலும் சேஸிஸ் ஓட வேண்டும் என்பதற்காக. இந்த முறையில் கணக்கில் வருவது பாதிதான், 7,200 வாட். அதில் ஃபேன்களுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கும் ஒரு பேச்சுக்கு 1,200 வாட் போனால் மிச்சம் 6,000. ஒவ்வொரு ப்ளேடும் 450 வாட் கேட்டால் பதின்மூன்று ப்ளேடுக்குத்தான் வரும். பதினாறு இடத்தில் மூன்று காலி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த 450 வாட்டை ப்ளேடு உண்மையில் எடுத்துக் கொள்கிறதா? பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடினால் எடுக்கலாம். அப்படி ஓடுவது அபூர்வம்.

கூகுள் அளந்தது

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 2007-ல் கூகுளின் லூயிஸ் ஆந்த்ரே பரோசோ உள்ளிட்ட மூன்று பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கூகுள் வைத்திருந்தவை ப்ளேடுகள் அல்ல. ஆனால் கேள்வி இதே கேள்விதான். ஆயிரக்கணக்கான சர்வர்களை சுமார் ஆறு மாதம் கவனித்தார்கள். உதிரி பாகங்களின் லேபிள்படி கூட்டினால் ஒரு சர்வருக்கு 251 வாட் வந்தது. தங்களிடம் இருந்த மிகக் கடினமான புரோகிராம்களை ஓட்டி அளந்தபோதோ 145 வாட்டைத் தாண்டவில்லை. அறுபது சதவீதம்கூட இல்லை.

இன்னொன்றையும் கண்டார்கள். ஒரு சர்வர் உச்சத்தில் ஓடும் அதே வினாடியில் மற்ற எல்லா சர்வர்களும் உச்சத்தில் ஓடுவதில்லை. எனவே கூட்டம் பெரிதாகப் பெரிதாக, எல்லாம் சேர்ந்து எடுக்கும் மின்சாரம் கணக்குப்படி வரவேண்டிய உச்சத்துக்குக் கீழேயே நிற்கிறது. முழு டேட்டா சென்டரையும் எடுத்தால் இந்த இடைவெளி ஏறக்குறைய 40 சதவீதம் என்று எழுதினார்கள். அதே மின் இணைப்பில் கூடுதல் சர்வர்களை வைக்க இடம் இருக்கிறது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

அதே ஆண்டில் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஒரு கசப்பான செய்தியும் இருந்தது. சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதம் வரைதான் வேலை செய்கின்றன. ஆனால் சும்மா இருக்கும் சர்வரும் உச்சத்தில் எடுப்பதில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தை எடுத்துக் கொள்கிறது. அன்றைய நிலை அது. பிறகு வந்த பிராசசர்கள் ஓய்வில் இருக்கும்போது நன்றாகவே சிக்கனம் பிடிக்கின்றன. ஓய்வு கொடுக்க வேண்டியது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சேஸிஸுக்கு வரும் லைனில் பிரேக்கர் ட்ரிப் ஆனால் ஒரு சர்வர் அல்ல, பதினாறும் ஒரே நொடியில் அணைந்துவிடும். டேட்டா சென்டரைப் பராமரிக்கும் எலெக்ட்ரிக்கல் குழுவினர் லேபிளை நம்புவது சோம்பேறித்தனத்தால் அல்ல, அந்தப் பயத்தால். பத்து மாதம் அமைதியாக ஓடிய சர்வர்கள், தேர்வு முடிவு வெளியாகும் காலையிலோ சம்பளம் பட்டுவாடா ஆகும் மாதக் கடைசியிலோ ஒரேயடியாகப் பொங்கும். "அன்றைக்கு யார் பதில் சொல்வது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆகவே ஒரு வாரம் அளந்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. மோசமான நாளும் உள்ளே வரும்படி அளக்க வேண்டும். சராசரியை மட்டும் பார்ப்பதும் போதாது. ஐலோ திரையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி, உச்சம் என்று இரண்டு கோடுகள் வரும். பிரேக்கருக்குக் கவலை உச்சத்தைப் பற்றித்தான்.

அந்தப் பயத்துக்கு மருந்தும் 2008 வாக்கிலேயே வந்துவிட்டது. பவர் கேப்பிங் என்று பெயர். ஒரு ப்ளேடுக்கோ முழு சேஸிஸுக்கோ இதற்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைப்பது. வரம்பை நெருங்கினால் பிராசசரின் வேகமும் வோல்ட்டேஜும் குறைக்கப்படும். பிராசசர் எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் மாறுவதால், கொஞ்சம் குறைத்தாலே நிறைய மிச்சமாகும். பிளக்கை உருவியதும் உங்கள் லேப்டாப் பேட்டரியில் சற்று மந்தமாவதும் இதே வித்தைதான். நல்ல கேப்பிங் அமைப்பு ஒரு நொடிக்குள் மின்சாரத்தை வரம்புக்குள் இழுத்துவிடும். பிரேக்கர் சூடேறி விழுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

எனவே அளந்து, நிஜமான தேவைக்கு ஒதுக்கி, அதற்கு மேல் கேப் என்ற வேலியைப் போட்டுவிட்டால் காலி இடங்களை நிரப்பலாம். தொழில்நுட்பம் தயார். ஆனால் அதைக் கையாளும் விதம்தான் என்னை எழுத வைத்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு ப்ளேடு சேஸிஸ் இருந்தது. பதின்மூன்று ப்ளேடுகள் ஓடின. பதினான்காவது வாங்கிச் செருகினார்கள், ஆன் ஆகவில்லை. பழுது என்று திருப்பி அனுப்பி வேறு ஒன்று வரவழைத்தார்கள். அதுவும் ஆன் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் யாரோ நிர்வாகத் திரையைத் திறந்து பார்த்து, பவர் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற செய்தியைக் கண்டார்கள். அதே திரையில் அடுத்த டேபில், சேஸிஸ் உண்மையில் எடுத்துக் கொண்டிருந்த வாட் ஒதுக்கியதில் பாதிக்குக் கீழே இருந்தது. இரண்டு எண்களும் ஒரு கிளிக் தூரத்தில். ஆனாலும் முதலில் எழுந்த பேச்சு, இன்னொரு சேஸிஸ் வாங்கலாமா என்பதுதான்!

கடைசியில் வாங்கவில்லை. சில ப்ளேடுகளுக்குக் கேப் வைத்து பதினான்காவதை ஓட வைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரவில் ஓடும் ரிப்போர்ட் ஒன்று காலை ஆபீஸ் திறந்த பிறகும் முடியாமல் இழுத்தது. எங்கள் டீமில் இருந்தவர்கள் டேட்டாபேஸைக் குடைந்தார்கள், குவெரிகளை மாற்றி எழுதினார்கள், நெட்வொர்க்காரர்களோடு சண்டை போட்டார்கள். எல்லாம் வீண். எந்த புரோகிராமும் மாறவில்லை. பிராசசரின் வேகம்தான் கீழே இறக்கப்பட்டிருந்தது. கேப் வைத்தவர்கள் முதல் மாடியில், புரோகிராம் எழுதியவர்கள் மூன்றாவது மாடியில். நடுவே இருந்த ஒரு மாடியைத் தாண்ட அந்தச் செய்திக்கு மூன்று வாரம் பிடித்தது.

இதில் எலெக்ட்ரிக்கல் குழுவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாட் என்பது பில்டிங் சமாசாரம், புரோகிராம் என்பது ஸாஃப்ட்வேர் சமாசாரம் என்று நாங்களே பிரித்து வைத்திருக்கிறோம். எஞ்சினியரிங் காலேஜில் நான்கு வருடத்தில், என் புரோகிராம் எத்தனை வினாடியில் முடிகிறது, எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை வாட் எடுக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஒரு சிறு உதாரணம். "வேலை வந்திருக்கிறதா, வேலை வந்திருக்கிறதா" என்று இடைவெளி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி ஒரு லூப் எழுதிவிடலாம். புரோகிராம் சரியாக ஓடும், டெஸ்டிங்கில் எந்தத் தவறும் வராது. ஆனால் வேலையே வராத நள்ளிரவிலும் பிராசசரின் ஒரு கோர் நூறு சதவீதம் ஓடிக் கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, வேலை வந்தால் என்னை எழுப்பு என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கும்படி எழுதினால் அந்தக் கோர் ஓய்வு நிலைக்குப் போய்விடும். பிராசசர் கம்பெனிகள் பாடுபட்டுக் கண்டுபிடித்த ஓய்வு நிலைகளை எங்கள் நான்கு வரி லூப் பாழாக்கிவிடுகிறது. முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஓய்வு கொடுக்க வேண்டியது நாங்கள்.

அளக்க வழி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசையிலிருந்து இன்டெல் பிராசசர்களே தாங்கள் எடுக்கும் மின்சாரத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. லினக்ஸில் அதை ஒரு சாதாரண ஃபைலைப் போலத் திறந்து படிக்கலாம். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச புரோகிராம்கள் காட்டுகின்றன. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்.

சர்வர் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு உதவியும் உண்டு. 2007 டிசம்பரில் ஸ்பெக் என்ற அமைப்பு ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டது. சர்வரை முழு லோடில் ஓட்டி, பிறகு பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து, கடைசியில் சும்மா இருக்கும்போது வரை ஒவ்வொரு படியிலும் எத்தனை வாட் என்று எழுத வேண்டும். லேபிளில் ஒரே எண் போடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! வீட்டுக்கு விற்கும் கம்ப்யூட்டரின் அட்டைப் பெட்டியில் இத்தனை படிகள் வேண்டாம், சும்மா இருக்கையில் இவ்வளவு, முழு வேலையில் இவ்வளவு என்று இரண்டே எண் அச்சிடக் கூடாதா? ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டுகிறோம், இதற்கு மட்டும் என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் சேஸிஸை நினைத்துக் கொள்ளுங்கள். பவர் சப்ளை தன் சக்தியில் மிகச் சிறிய பங்கை மட்டும் கொடுக்கும்போது அதன் திறமை குறைகிறது. உள்ளே வரும் கரண்டில் அதிகப் பங்கு சூடாக வீணாகிறது. அதனால்தான் சி7000-ல் லோடு குறைவான நேரத்தில் தேவையில்லாத பவர் சப்ளைகளை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் உள்ளவற்றை நல்ல லோடில் ஓட்டும் வசதி வைத்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு எஸ்எம்பிஎஸ், ஓய்வு கொடுக்க முடியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாத கம்ப்யூட்டருக்கு 850 வாட் எஸ்எம்பிஎஸ் வீண் செலவு. யுபிஎஸ் வாங்கும்போதும் விஏ என்ற எண்ணோடு நிற்காமல் வாட் எண்ணைக் கேளுங்கள். 600 விஏ என்று விற்கும் பல யுபிஎஸ்களில் கிடைப்பது 360 வாட்தான்.

ப்ளேடு சர்வர்களின் பொற்காலம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஒரு ப்ளேடு சேஸிஸ் ஐந்தாறு கிலோவாட் எடுத்ததற்கே இத்தனை கணக்கு. 2024-ல் என்விடியா அறிவித்த, 72 ஜிபியூக்கள் கொண்ட செயற்கை நுண்ணறிவு ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட் எடுக்கிறது. அதே 2024-ல் உலகின் டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலக மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். இந்த அளவில் லேபிளைப் பார்த்து ஒதுக்கினால் காலியாகக் கிடப்பது மூன்று ப்ளேடு இடம் அல்ல. யாருக்கும் பயன்படாமல் கட்டி வைத்த சப்ஸ்டேஷன்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு சின்ன ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்டேன். புரோகிராமர்கள் தினமும் பார்க்கும் திரையில் சிபியூ சதவீதம், மெமரி இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: அந்த சர்வர் இப்போது எடுக்கும் வாட், அதற்கு ஒதுக்கிய வாட், கேப் ஏதாவது வைத்திருந்தால் அதுவும், வைத்தவர் யார் என்பதும். சேர்ப்பதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. முதல் வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை இரவு யாருமே பயன்படுத்தாத ஒரு சர்வரில் வாட் கோடு இறங்காமல் நேராகப் போவதை எங்களில் ஒருவர் கவனித்துக் கேட்டார். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது, நான் மேலே சொன்னதைப் போன்ற ஒரு லூப்.